அருவிக்கு மேலே இருக்கும் காடு



"பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை வருகிறது. கையில் அதிகம் காசில்லை. கடற்கரை பார்த்தாயிற்று, மிருகக்காட்சிசாலையும் பார்த்தாயிற்று. இந்த முறை எங்கே கூட்டிப் போகலாம் அக்கா?" என்று சகோதரி ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்.

கேள்வி சின்னதுதான். ஒரு தபாலட்டையில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்தபோது சில வருடங்களுக்கு முன் என் அம்மாவோடு போன ஒரு பயணம் நினைவுக்கு வந்தது. அது நினைவுக்கு வந்த பின் தபாலட்டை போதவில்லை. ஆகவே இந்த மாதப் பக்கம் அந்தச் சகோதரிக்கும், அவரைப் போல் யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும்.

எங்கள் மாதர் சங்கத்தில் மாதாமாதம் சிறுதொகை சேர்ப்போம். வருடத்தில் ஒருமுறை அந்தப் பணத்தில் ஒரு வான் பிடித்து எங்காவது போய் வருவோம். அந்த ஜனவரியில் சிங்கராஜ வனத்துக்கும், அங்கிருந்து திரும்பி ஊவா எல்லையில் உள்ள இரண்டு நீர்வீழ்ச்சிகளுக்கும் போவதென்று முடிவாயிற்று. வானில் ஓர் இடம் மிச்சமிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மாவுக்கு அப்போது 72 வயது. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 38 வருடங்கள் கொழுந்து பறித்தவர். எங்கள் தோட்டத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சிக்கு இரண்டு பஸ் ஏறினால் போதும். வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கும் இடம் அது. ஆனால் அம்மா ஒருநாளும் போனதில்லை. "அங்க எனக்கு என்ன வேல?" என்பார். வேலை இல்லாத இடத்துக்குப் போவது என்றொரு விஷயம் அவருடைய வாழ்க்கையில் இருக்கவில்லை. எமது தாய்மார் பலருக்கும் அப்படித்தான்.

எவ்வளவோ கெஞ்சிய பின், "சரி, ஒங்களுக்குச் சோறு கட்டவாவது ஆள் வேணும்ல" என்று சம்மதித்தார். அதற்கும் ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் வந்தார்!

சவர்க்காரமும் அட்டையும்

கொழும்பிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு அவிசாவளை, இரத்தினபுரி, கலவானை வழியாகப் போய் வெத்தாகலையைத் தாண்டினால் குடாவ வாயில் வரும். சிங்கராஜ வனத்துக்குள் போக அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும். வழிகாட்டி ஒருவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவர் பக்கத்துக் கிராமத்து இளைஞர். அம்மாவைப் பார்த்தவுடன் "அம்மே" என்று கூப்பிட்டுக் கையில் ஒரு தடியைக் கொடுத்தார். தோட்டத்தில் பழகிய சிங்களம் அம்மாவுக்குக் கைகொடுத்தது. அன்று முழுவதும் எங்களைவிட அவரோடுதான் அதிகம் கதைத்தார்.

அந்தக் காட்டில் அட்டைகள் ஏராளம். எங்கள் ரீச்சரம்மா உப்புப் பொட்டலம், விசேட காலுறை எல்லாம் கொண்டு வந்திருந்தார். அம்மாவோ சவர்க்காரத்தை நனைத்துக் கால் முழுக்கப் பூசிக்கொண்டு நிம்மதியாக நடந்தார். "முப்பத்தெட்டு வருசம் இதுகளுக்குத்தானே ரத்தம் குடுத்தேன். இதுக்குப் போயி பயப்படுவாங்களா?" என்று சிரித்தார். அன்று மாலை கணக்குப் பார்த்தபோது ரீச்சரம்மாவின் காலில் ஏழு, அம்மாவின் காலில் ஒன்று!

சிங்கராஜ வனம் இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்திருக்கிறது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இங்குள்ள மர இனங்களில் நூற்றுக்கு 60க்கும் மேற்பட்டவை உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. காட்டின் வடபகுதி நீர் களு கங்கைக்கும், தென்பகுதி நீர் ஜின் கங்கைக்கும் போய்ச் சேருகிறது. களுத்துறையிலும் காலியிலும் கிணற்றில் வாளி விடும் பெண்களுக்கு இந்தக் காடு தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

நாங்கள் நடந்த அகலமான பாதை முன்பு லொறிகள் ஓடிய பாதை என்று வழிகாட்டித் தம்பி சொன்னார். 1972இல் ஒட்டுப்பலகைக்காக இங்கே இயந்திரங்களைக் கொண்டு மரம் தறிக்கத் தொடங்கினார்கள். மக்கள் எதிர்த்தார்கள், அறிஞர்கள் எழுதினார்கள். 1977இல் அது நிறுத்தப்பட்டது. ஐந்தே வருடம்தான். ஆனால் அந்த வடு இன்னும் தெரிகிறது. பாதையோரத்தில் வெயில் படும் இடங்களில் கெண்டித் தாவரங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. மூடியோடு கூடிய சின்னச் சின்னக் கெண்டிகள். உள்ளே விழும் பூச்சிகளைக் கரைத்து உணவாக்கிக்கொள்ளும் செடி இது. அம்மா ஒன்றைத் தொடாமல் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சமைக்கத் தெரிஞ்ச செடி!" என்றார்.

பறவைகளின் கொழுந்துக் கூட்டம்

பாதையில் ஓரிடத்தில் வழிகாட்டித் தம்பி கையைக் காட்டி நிறுத்தினார். முதலில் ஒரே இரைச்சல். பிறகு மரங்களுக்கிடையே நாலாபுறமும் பறவைகள். இங்கே வெவ்வேறு இனப் பறவைகள் ஒன்றாகக் கூடி இரை தேடிக்கொண்டு காட்டுக்குள் ஊர்வலமாகப் போகின்றன. ஒரு கூட்டத்தில் நாற்பதளவு பறவைகள் இருக்குமாம். 1981 முதல் இதை ஆய்வு செய்து பதிந்து வருகிறார்கள். செம்மஞ்சள் அலகுள்ள சிலம்பன்கள் இரைச்சலிட்டபடி முன்னே போகின்றன. கொண்டைக் கரிச்சான் மேலே இருந்து காவல் பார்க்கிறது. பருந்தைக் கண்டால் முதலில் அதுதான் குரல் கொடுக்கும். நீல உடலும் செம்பழுப்புத் தலையும் சிவந்த அலகுமாக ஒன்று எங்கள் தலைக்கு மேலால் பறந்தது. சிங்களத்தில் அதைக் 'கெஹிபெல்லா' என்கிறார்கள். இலங்கைக்கு மட்டுமே உரிய பறவை.

அம்மா சற்று நேரம் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "நம்ம கொழுந்துக் கூட்டம் மாதிரியே போகுது. முன்னுக்குப் போறவ சத்தம் போடுவா. பின்னால வாறதுகளுக்கும் ஏதாச்சும் கெடைக்கும். மேல ஒக்காந்திருக்கிறாரே, அவருதான் கங்காணி!"

வழிகாட்டித் தம்பிக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இனி வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்வேன் என்றார்.

இந்தக் காட்டைப் படித்தவர்களில் ஒரு பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியை சாவித்திரி குணதிலக்க. அவரும் கணவர் பேராசிரியர் நிமல் குணதிலக்கவும் பல தசாப்தங்களாகச் சிங்கராஜ மரங்களை ஆராய்ந்தவர்கள். 1993இல் காட்டுக்குள் 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, விரல் தடிப்புள்ள கன்று முதல் பெருமரம் வரை ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுப் பெயரெழுதும் பெரிய ஆய்வு தொடங்கியது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள்! அட்டைக்கும் மழைக்கும் நடுவே, பெண்பிள்ளை காட்டுக்குள் போவதா என்று கேட்கக்கூடிய காலத்தில் தொடங்கிய உழைப்பு அது. எங்கள் வானில் வந்த உயர்தர மாணவி ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, "அப்படியும் ஒரு வேலை இருக்கிறதா?" என்று கண்ணை அகல விரித்தாள். அவளைக் கூட்டி வந்த காசு அந்த ஒரு கேள்விக்கே சரியாகிவிட்டது.

மண்ணைத் தொட்ட கை

பகல் ஒரு மணியளவில் மழை பிடித்துக்கொண்டது. மேலே இலைகளில் பெரும் சத்தம். ஆனால் எங்கள் தலையில் துளி விழவில்லை. சற்று நேரம் சென்ற பின்தான் இலையிலிருந்து இலைக்கு வழிந்து, கிளை வழியாகவும் தண்டு வழியாகவும் மெதுவாக இறங்கி வந்தது. பெரிய மரம், அதற்குக் கீழே நடுத்தர மரம், அதற்குக் கீழே கன்றுகள், தரையிலே உதிர்ந்த இலைகள் என்று மழை நான்கைந்து படி இறங்கித்தான் மண்ணைத் தொடுகிறது. மண் கரைந்து ஓடவில்லை. பக்கத்தில் ஓடிய சிற்றோடையில் அந்த மழையிலும் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது.

அம்மா குனிந்து உதிர்ந்த இலைகளை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டார். விரல் சுலபமாக உள்ளே போயிற்று. ஈரமான கறுத்த மண். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

"என்னம்மா?"

"நம்ம உச்சிக்காட்டு மண்ணு இப்பிடித்தான் இருந்துச்சு புள்ள."

எங்கள் தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலைக்கு மேலே ஒரு துண்டுக் காடு இருந்தது. அதற்குக் கீழே கற்களுக்கிடையிலிருந்து ஊற்று கசியும். மூங்கிலைப் பிளந்து அதைப் பீலியாக்கி லயத்துக்குக் கிட்டக் கொண்டு வந்திருந்தார்கள். நான்கு லயத்துக்கும் அந்தப் பீலித் தண்ணீர்தான். குடிக்க, குளிக்க, துணி துவைக்க, குழந்தை பிறந்தால் முதல் குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். பெண்கள் மனம்விட்டுப் பேசும் இடமும் அதுதான்.

பிறகு அந்தக் காட்டின் பெரிய மரங்களைத் தேயிலை காயவைக்கும் போறணைக்கென்று தறித்தார்கள். அந்த இடத்தில் வேகமாக வளரும் யூகலிப்டஸ் நட்டார்கள். மிச்சமிருந்த சிறுமரங்கள் எங்கள் அடுப்புக்குப் போயின. சில வருடங்களில் பீலி மெலிந்தது. ஊவாவில் ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை வரட்சிக் காலம். அந்த மாதங்களில் பீலி முற்றாக நின்றது. கீழே ஆற்றுக்கு இறங்கிக் குடத்தில் தண்ணீர் கொண்டு வர வேண்டியிருந்தது. அம்மா விடியலில் பிரட்டுக்குப் போய்விடுவார். வீட்டில் மூத்தவள் நான்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த வரட்சியில் பாடசாலைக்குப் போன நாட்களைவிட ஆற்றுக்குப் போன நாட்கள் அதிகம். ஆகஸ்டில் புலமைப்பரிசில் பரீட்சை. நான்கு புள்ளிகளால் தவறிவிட்டேன். அது ஒரு பெரிய துக்கமாக என் மனதில் இல்லை. பிறகு படித்தேன், உத்தியோகமும் கிடைத்தது. ஆனால் அம்மாவின் மனதில் அது இருந்திருக்கிறது. அத்தனை வருடங்களும் ஒரு வார்த்தை சொல்லாதவர், சிங்கராஜ வனத்தில் கையில் மண்ணோடு நின்று சொன்னார்:

"காட்ட வெட்டுனது தொர சொல்லித்தான். ஆனா வெறகுக்குன்னு நானும்தான் கத்தி கொண்டுக்கிட்டுப் போனேன். ஒன்னயப் பள்ளிக்கூடத்துக்கு விடாம தண்ணிக்கு அனுப்புனதும் நான்தான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "வேற என்ன செஞ்சிருக்க முடியும் அம்மா? அடுப்பு எரியணும்ல" என்றேன். அவர் தலையசைத்தார். ஆனால் சமாதானம் ஆகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சகோதரிகளே, இதை நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். மலைநாட்டுக் காடுகளைக் கோப்பிக்காகவும், 1869இல் கோப்பியில் நோய் கண்ட பின்னர் தேயிலைக்காகவும் வெட்டி வெளியாக்கிய கைகள் எம் முன்னோருடையவை. வெட்டச் சொன்னவர்கள் வேறு, இலாபம் எடுத்தவர்கள் வேறு. 1873இலேயே ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடக்கூடாதென்று அறிஞர்களின் ஆலோசனைப்படி அன்றைய ஆட்சியாளர் தீர்மானித்தார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்கும் தெரிந்துதானிருந்தது. ஆனால் காடு போனதன் விலையைக் குடத்தில் சுமந்தவர்கள் யார்? பெண்களும் பெண்பிள்ளைகளும்தான். குற்றம் சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. குடம் சுமந்தவளே குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமக்கிறாளே என்பதுதான் என் வேதனை.

புறப்படும்போது அம்மா நிலத்தில் கிடந்த ஒரு விதையை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்தார். வழிகாட்டித் தம்பி கண்டுவிட்டு, இங்கிருந்து ஓர் இலையைக்கூட வெளியே கொண்டு போகக்கூடாது என்று பணிவாகச் சொன்னார். அம்மா கோபிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, விதையை விரலால் மண்ணுக்குள் அழுத்தி வைத்துவிட்டு எழுந்தார். "இங்கயே இருக்கட்டும். இதுதான் அதுக்கு நல்ல எடம்."

பம்பரகந்தவும் பைன் காடும்

அன்றிரவு இரத்தினபுரியில் சங்கத் தோழி ஒருவரின் வீட்டில் தங்கினோம். காலையில் ரொட்டியும் கட்டைச்சம்பலும் கட்டிக்கொண்டு பலாங்கொடை, பெலிஹுல்ஓயா வழியாகக் களுபஹன சந்திக்குப் போனோம். அங்கிருந்து மேலே ஏறும் ஒடுங்கிய பாதை பம்பரகந்த நீர்வீழ்ச்சிக்குப் போகிறது. 263 மீற்றர் உயரம். இலங்கையின் மிக உயரமான நீர்வீழ்ச்சி இதுதான். ஜனவரியில் வடகீழ்ப் பருவமழையின் நீர் இருந்தது. செங்குத்தான பாறையில் வெள்ளைச் சேலையை உலரப் போட்டதுபோல் விழுந்துகொண்டிருந்தது. காற்று அடிக்கும்போது அந்தச் சேலை ஒரு பக்கமாக ஒதுங்கும். கீழே நின்ற எங்கள் முகத்தில் பனிபோல் தண்ணீர் தெறித்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். ரீச்சரம்மாகூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றார்.

ஆனால் அம்மாவின் கண் அருவியில் மட்டும் இல்லை. அங்கே போகும் வழி பைன் காட்டுக்கூடாகச் செல்கிறது. நெடிய மரங்கள், நல்ல நிழல், படமெடுக்க அழகான இடம். ஆனால் கீழே பார்த்தால் காய்ந்த ஊசியிலைகள்தான். செடியில்லை, கொடியில்லை, நேற்றுக் கேட்ட பறவை இரைச்சலும் இல்லை. "இது காடு இல்ல, மரம் நட்ட எடம்" என்றார் அம்மா. எத்தனை புத்தகம் படித்தாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வெறுமையான மலைகளை மூடவும், பலகைக்காகவும் என்று நல்ல எண்ணத்தோடுதான் பல இடங்களில் பைன் நடப்பட்டது. அதை ஒரேயடியாக வெட்டி எறிவதும் தீர்வாகாது. சிங்கராஜ எல்லையில் இருக்கும் பைன் தோட்டத்தில் குணதிலக்க தம்பதியரும் அவர்களோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 1990களில் ஒரு வழியைச் சோதித்தார்கள். பைன் வரிசைகள் சிலவற்றை மட்டும் எடுத்துவிட்டு, மிச்ச மரங்களின் நிழலில் காட்டுக்குரிய கன்றுகளை நட்டார்கள். மழைக்காட்டு மரக்கன்றுகளுக்குச் சிறுவயதில் நிழல் வேண்டும். பைன் மரமே அதற்குத் தாதியாயிற்று. கன்றுகள் வளர்ந்தன. நட்ட தவறையே ஏணியாக்கிக்கொள்ளலாம் என்பதற்கு இது ஒரு பாடம்.

தியலும வழியில்

அங்கிருந்து அதே பிரதான வீதியில் ஹல்துமுல்ல, பெரகல தாண்டி கொஸ்லந்தைக்குப் போனோம். வீதிக்கு மேலே மலைப்பக்கமாக இருக்கிறது மீரியபெத்தை. வானில் எல்லோரும் மௌனமாகிவிட்டோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மலை சரிந்து லயங்களை மூடிய இடம். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை.

வழியில் நிறுத்திச் சில நிமிடங்கள் நின்றோம். அம்மா மலையைப் பார்த்துக் கைகூப்பினார்.

கொஸ்லந்தையிலிருந்து சிறிது தூரத்தில் தியலும. வெல்லவாய நோக்கிப் போகும் வீதியிலிருந்தே தெரியும். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் புனாகலை ஓயாவின் நீர் கிரிந்தி ஓயாவில் சேர்ந்து தெற்கே வயல்களுக்குப் போகிறது. அம்மா வீதியோரக் கட்டில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார். வாழ்நாள் முழுவதும் இரண்டு பஸ் தூரத்தில் இருந்த அருவி. நாங்கள் வடை வாங்கிச் சாப்பிட்டோம், படமெடுத்தோம். அவர் அசையவில்லை.

"அம்மா, எப்படி இருக்கு?"

"அழகாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் விழுற எடத்தத்தான் பாக்குறாங்க. எங்கேருந்து வருதுன்னு மேல ஏறி ஒருத்தரும் பாக்குறதில்லையே."

அன்று அது ஒரு கிழவியின் பேச்சாகத்தான் எங்களில் சிலருக்குப் பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி எமது மலைநாட்டை உலுக்கி, பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் மண்சரிவுகள் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனபோது அந்த வார்த்தை எனக்கு வேறு விதமாகக் கேட்டது. காடு இருந்தால் மண்சரிவே வராது என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பெருமழையில் காட்டு மலையும் சரியும். ஆனால் வேரில்லாத சரிவு, வெட்டிய மலை, அடைபட்ட கான், அதற்குக் கீழே லயம் என்றிருந்தால் ஆபத்து பல மடங்கு. மேலே ஏறிப் பார்க்கத்தான் வேண்டும். மலையில் புதிய வெடிப்பு, திடீரென்று கிளம்பும் புதிய ஊற்று, கலங்கிவரும் பீலித் தண்ணீர், சாய்ந்து நிற்கும் மரம் ஆகியவற்றைக் கண்டால் உடனே கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். மழை தொடர்ந்தால் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். பீலிக்கரையில் தினமும் நிற்கும் பெண்களுக்குத்தான் இந்த மாற்றங்கள் முதலில் தெரியவரும்.

போக நினைப்பவர்களுக்கு

இனி, கேட்ட சகோதரிக்குப் பயனுள்ள சில குறிப்புகள்:

சிங்கராஜ வனத்துக்கு மழை சற்றுக் குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் நல்லது. அப்போதும் மழை வரலாம். காலையிலேயே உள்ளே போய்விடுங்கள்.

முழுக்கால் மூடும் உடை, பிடிமானமுள்ள சப்பாத்து, ஒரு கட்டிச் சவர்க்காரம் போதும். அட்டை கடித்தால் இழுத்துப் பிய்க்காதீர்கள். நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டுக் கழுவுங்கள்.

நீர்வீழ்ச்சியின் மேலே உள்ள தடாகங்களில் பிள்ளைகளை விடாதீர்கள். பாசி படிந்த பாறையில் வழுக்கி ஒவ்வொரு வருடமும் இளம் உயிர்கள் போகின்றன. மேலே எங்கோ மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் திடீரென்று பெருகும். தண்ணீரின் நிறம் மாறினால் உடனே கரையேறுங்கள்.

தூரம் போக வசதியில்லாதவர்கள் அட்டன், தலவாக்கலை வீதியிலிருந்தே டெவன், சென் கிளேயர் ஆகிய நீர்வீழ்ச்சிகளைப் பார்க்கலாம். மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் தொடங்கிய பின் சென் கிளேயரில் முன்போல் நீர் இல்லை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் எரியும் மின்குமிழுக்கும் ஓர் அருவி விலை கொடுத்திருக்கிறது.

பொலித்தீன், வெற்றுப் போத்தல் எல்லாம் நீங்கள் கொண்டு போன பையிலேயே திரும்பி வரட்டும்.

பீலிக்கு மேலே

பயணம் முடிந்து ஒரு மாதம் கழித்து அம்மா தொலைபேசியில் பேசினார். தோட்டத்து இளைஞர்களையும் மாதர் சங்கத்துப் பெண்களையும் கூட்டி, ஊற்றுக்கு மேலே கொஞ்சம் இடத்தை வேலியடைத்து விடச் சொல்லித் தோட்டத்துரையிடம் கேட்டிருக்கிறார்கள். முதலில் முடியாதென்றவர், பெண்கள் மூன்றாம் முறையும் போய் நின்றதும் கால் ஏக்கருக்குச் சம்மதித்தாராம். அந்த உயரத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ற கன்றுகள் எவை என்று வன உத்தியோகத்தரிடம் கேட்டு நட்டிருக்கிறார்கள். விறகுக்கு அங்கே கத்தி கொண்டு போவதில்லை என்று லயத்துப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாகத் தேயிலை கவ்வாத்து வெட்டும்போது விழும் மிலாரைப் பங்கிட்டு எடுக்கிறார்கள்.

கால் ஏக்கரில் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சென்ற முறை ஊருக்குப் போனபோது ஆகஸ்ட் மாதம். கன்றுகள் என் இடுப்பளவுக்கு வந்திருந்தன. பீலி இன்னும் வரட்சியில் நின்றுதான் போகிறது. ஆனால் அம்மா தினமும் மாலையில் தடியை ஊன்றி அங்கே ஏறிப் போய் வருகிறார். அன்றும் கூடப் போனேன். ஒரு கன்றின் அடியில் உதிர்ந்த இலையை விலக்கி விரலால் மண்ணைக் குத்திப் பார்த்தார்.

"இன்னும் எறுகித்தான் இருக்கு," என்றார். "ஒம் பேத்தி வாற காலத்துல வெரல் உள்ள போகும்."

எனக்கு இன்னும் பேத்தி இல்லை. மகள் இப்போதுதான் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். இந்த விடுமுறைக்கு அவளைத் தியலுமவுக்குக் கூட்டிப் போகப் போகிறேன். அருவியைக் காட்டிய பிறகு, அம்மாவின் கால் ஏக்கருக்கும் அழைத்துப் போவேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.